லோகோவைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு ஏன்? மாஸ்டர் கன்ட்ரோலில் ரவுட்டிங், கீயிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஒரு கேபிள் சேனலுக்கோ திருவிழா நேரலைக்கோ சிறிய கட்டுப்பாட்டறை (மாஸ்டர் கன்ட்ரோல்) நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. அறையில் இருப்பவை: ஒரு எஸ்டிஐ ரவுட்டர் (எந்தப் படம் எங்கே போகவேண்டும் என்று பாதை மாற்றுவது; எஸ்டிஐ என்பது வீடியோவைக் கேபிளில் அனுப்பும் டிஜிட்டல் முறை), டிஎஸ்கே (நிகழ்ச்சிப் படத்தின்மேல் கடைசியாகக் கிராஃபிக்ஸைப் பதிக்கும் கீயர்) உள்ள ஒரு சுவிட்சர், லோகோவும் டிக்கரும் (ஓடும் செய்தி வரி) பெயர்ப்பட்டியும் தரும் ஒரு கிராஃபிக்ஸ் கணினி. எல்லாம் 1080ஐ, விநாடிக்கு 50 ஃபீல்ட் (அரைப்படம்; இரண்டு சேர்ந்தால் ஒரு ஃபிரேம்). பெரிய நிலையங்களில் ரேக்குகள் கூடுமே தவிர, கோளாறு திரையில் காட்டும் முகம் இதேதான்.

## எதையும் திருகுமுன் கீயைத் தனியாகப் பாருங்கள்

கிராஃபிக்ஸ் கணினியிலிருந்து இரண்டு கேபிள் வருகிறது. ஒன்று ஃபில்: எழுத்தின் நிறம், லோகோவின் படம். மற்றது கீ: அதே வடிவம், ஆனால் கறுப்பு வெள்ளையில். கீ வெள்ளையாக இருக்கும் இடத்தில் ஃபில் தெரியும். கறுப்பாக இருக்கும் இடத்தில் நிகழ்ச்சி தெரியும். சாம்பலாக இருந்தால் இரண்டும் கலக்கும். இவ்வளவுதான் கீயிங்.

சிக்கல் என்னவென்றால், நாம் எப்போதும் கலந்து முடிந்த படத்தைப் பார்த்தபடி கிளிப் (கீயில் எந்த அளவுக்குக் கீழ் முழுக் கறுப்பாக எடுப்பது என்பது), கெயின் (கறுப்பிலிருந்து வெள்ளைக்கு எவ்வளவு சடுதியாக ஏறுவது என்பது) இரண்டையும் திருகுகிறோம். ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடிவிட்டு, சரியாகிவிட்டது என்று எழுந்து போய்விடுகிறோம். அடுத்த ஷிஃப்ட்காரர் வேறொரு டெம்ப்ளேட்டை (கிராஃபிக்ஸ் வார்ப்பை) ஏற்றியதும் மூடியது திறந்துகொள்ளும்.

அதனால் ரவுட்டரில் ஒரு டெஸ்டினேஷனை (வெளியீட்டை) இதற்கென்றே ஒதுக்கி, ஒரு சின்ன மொனிட்டரை மாட்டிவிடுங்கள். ஃபில்லையும் கீயையும் மாற்றி மாற்றி அதில் பார்க்கலாம். கூடவே ஒரு சோதனைப் படத்தையும் செய்து வையுங்கள்: முழு வெள்ளைக் கட்டம் ஒன்று, பாதி ஒளி ஊடுருவும் கட்டம் ஒன்று, விளிம்பு மெல்ல மங்கும் ஒரு வட்டம், கறுப்பு நிழலோடு ஒரு தமிழ்ச் சொல். இந்தப் படம் சரியாக விழுந்தால் லோகோவும் சரியாக விழும். நிலையத்தின் லோகோவை வைத்து மட்டும் சோதிப்பது போதாது. கூர்மையான விளிம்பும் கெட்டியான நிறமும் உள்ள லோகோ பாதிக் கோளாறுகளைக் காட்டிக்கொடுக்காது.

## கிராஃபிக்ஸ் வரவேயில்லை, அல்லது திரை முழுவதையும் மூடிவிடுகிறது

கீ முழுக்கக் கறுப்பு என்றால் எதுவும் தெரியாது. முழுக்க வெள்ளை என்றால் நிகழ்ச்சியே மறைந்து, கறுப்புத் திரையில் லோகோ மட்டும் தனியாக நிற்கும். கீ மொனிட்டரைப் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். முழுக் கறுப்புக்கு ரவுட்டரில் கீயின் கிராஸ்பாயின்ட்டையும் (எந்த சோர்ஸ் எந்த டெஸ்டினேஷனுக்குப் போகிறது என்ற இணைப்பு) கேபிளையும் பாருங்கள். முழு வெள்ளைக்குக் கிராஃபிக்ஸ் கணினியைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பின்னணி வைக்காத டெம்ப்ளேட்டை யாரோ ஏற்றியிருக்கலாம்.

எழுத்தின் வடிவத்துக்குள் நிகழ்ச்சி தெரிகிறது, வெளியே எல்லாம் கறுப்பு என்றால் கீ தலைகீழ். சுவிட்சரில் இன்வர்ட் அழுந்தியிருக்கும்.

எழுத்து வெறும் வெள்ளையாக வந்து, மஞ்சள் எழுத்து கொஞ்சம் தெளிவாகவும் நீல எழுத்து கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாமலும் இருந்தால், ஃபில்லும் கீயும் இடம் மாறிவிட்டன. கீ இருக்கவேண்டிய இடத்தில் வண்ணப்படம் போய் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சர் அதன் வெளிச்சத்தை மட்டும் படித்துக் கலக்கிறது. நீலத்துக்கு வெளிச்ச மதிப்பு குறைவு, அதனால் அது மறைகிறது.

எழுத்தின் நிறம் சரி, ஆனால் கறுப்பு நிழலும் கறுப்பு ஓரமும் மட்டும் காணாமல் போனால், கீயர் வெளிக் கீயைப் பார்க்கவேயில்லை. ஃபில்லின் வெளிச்சத்தையே கீயாக எடுத்துக்கொள்கிறது, அதாவது லூமா கீயில் நிற்கிறது. கிளிப், கெயினால் இதைச் சரிசெய்ய முடியாது. கீ சோர்ஸை மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் அடிக்கடி வரும். திருவிழா நேரலை நடுவில் தொலைபேசியில் இப்படிக் கேட்பார்கள்:

"அண்ணே, எழுத்து பழைய ஆள் பேரு மாதிரி இருக்கு, கலர் மட்டும் புதுசா வருது."

"ரவுட்டர்ல கீ எங்க நிக்குதுன்னு பாரு தம்பி. ஃபில்ல மட்டும் மாத்திட்டீங்க."

அவ்வளவுதான் விஷயம். இரண்டு கிராஃபிக்ஸ் சோர்ஸ் உள்ள இடத்தில் ஃபில்லை ஒன்றிலிருந்தும் கீயை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால், ஒன்றின் வடிவத்துக்குள் மற்றதன் நிறம் வரும். இதற்கு நிரந்தர மருந்து சால்வோ: ஒரே பொத்தானில் இரண்டு கிராஸ்பாயின்ட்டும் சேர்ந்து மாறும்படி அமைத்து, தனித்தனியாக மாற்ற முடியாதபடி அந்த டெஸ்டினேஷன்களைப் பூட்டிவிடுங்கள்.

## எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு, அல்லது வெள்ளை ஒளிவட்டம்

மாஸ்டர் கன்ட்ரோலில் அதிகம் காணப்படுவதும், அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும்.

ஃபில் இரண்டு விதமாக வரலாம். ஒன்று, நிறம் விளிம்புவரை முழுதாக இருக்கும். எவ்வளவு தெரியவேண்டும் என்பதைக் கீ மட்டும் சொல்லும். இதை ஸ்ட்ரெயிட் என்பார்கள். மற்றது, நிறத்தைக் கீயால் ஏற்கனவே பெருக்கி அனுப்புவது, அதாவது ப்ரீமல்டிபிளைட். இதில் மங்கும் விளிம்பில் நிறமும் சேர்ந்து மங்கியிருக்கும். சுவிட்சரும் எது வருகிறது என்று தெரிந்து அதற்கேற்பக் கலக்க வேண்டும்.

வெள்ளை எழுத்தின் விளிம்பில் ஒரு புள்ளியை எடுங்கள். கீ 50%. பின்னால் நிகழ்ச்சியில் வெள்ளைச் சுவர். வெள்ளையும் வெள்ளையும் கலந்தால் வெள்ளைதான் வரவேண்டும். ஆனால் ப்ரீமல்டிபிளைட் ஃபில்லில் அந்தப் புள்ளி ஏற்கனவே 50% ஆகிவிட்டது. சுவிட்சர் அதை ஸ்ட்ரெயிட் என்று நினைத்து மறுபடி கீயால் பெருக்குகிறது: 25%. பின்னணியிலிருந்து 50% சேர்கிறது. மொத்தம் 75%. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு சாம்பல் கோடு. அதுதான் அந்தக் கறுப்பு விளிம்பு.

மறுபக்கம், ஸ்ட்ரெயிட் ஃபில் வருகிறது, சுவிட்சர் ப்ரீமல்டிபிளைட் என்று நினைக்கிறது. 100% நிறத்தோடு 50% பின்னணியும் சேர்ந்து 150% ஆகி, மேல் எல்லையில் போய் முட்டும். எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம். மென்மையாக மங்கும் நிறம் கட்டியாகிவிடும். ஃபில்லில் எழுத்துக்கு வெளியே ஏதாவது நிறம் இருந்தால் அதுவும் நிகழ்ச்சிமேல் ஏறிக்கொள்ளும்.

ஆக, கறுப்பு விளிம்பு என்றால் சுவிட்சரில் ப்ரீமல்டிபிளைட் தெரிவைப் போடுங்கள், ஒளிவட்டம் என்றால் எடுத்துவிடுங்கள். ஏடெம் சுவிட்சர்களில் டிஎஸ்கே பக்கத்திலேயே அந்தக் கட்டம் இருக்கிறது. அதைப் போட்டதும் கிளிப்பும் கெயினும் செயலற்றுப் போகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். காஸ்பர்சிஜி என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளைப் பாவித்தால், அது தானாக அனுப்புவது ப்ரீமல்டிபிளைட். ஸ்ட்ரெயிட் வேண்டுமென்றால் சேனலின் கன்ஃபிக் கோப்பில் சொல்ல வேண்டும். என் கருத்து: அதைத் தொடாமல் சுவிட்சரை அதற்கேற்ப வைப்பதே மேல். கிராஃபிக்ஸ் கணினியில் ஒன்று, சுவிட்சரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் மாற்றினால் ஒரு மாதத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

கறுப்பு விளிம்பை மறைக்கக் கிளிப்பை ஏற்றுகிறவர்கள் உண்டு. விளிம்பு போகும், கூடவே எழுத்தின் வளைவுகளும் பல்பல்லாகிவிடும். தமிழ் எழுத்தில் வளைவுதான் பாதி. பெயர்ப்பட்டியில் 'ஞ', 'ணு' கடித்து வைத்ததுபோல் தெரிந்தால் யாரோ கிளிப்பில் விளையாடியிருக்கிறார்கள்.

## கெட்டியான எழுத்துக்குள் நிகழ்ச்சி லேசாகத் தெரிகிறது. படம் முழுக்க மங்கல்

எஸ்டிஐயில் 10 பிட் கணக்கில் கறுப்பு 64, வெள்ளை 940. 8 பிட்டில் 16, 235. கணினி 0 முதல் 255 வரை பேசும். இந்த மாற்றம் ஒருமுறைதான் நடக்க வேண்டும். கிராஃபிக்ஸ் மென்பொருள் ஒருமுறையும் வெளியீட்டு அட்டை ஒருமுறையும் சுருக்கினால், கீயின் வெள்ளை 92 சதவீதத்தில் நின்றுவிடும். கறுப்பு 6 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

விளைவு இரண்டு. வெள்ளை எழுத்துக்குள் 8% நிகழ்ச்சி ஆவிபோல நகரும். எழுத்தே இல்லாத இடத்திலும் 6% திரை போர்த்தியிருக்கும். இரண்டாவதைக் கண் எளிதில் பிடிக்காது, அதுவும் நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் பனிமூட்டத்தில் எடுத்த காட்சி என்றால் கமராக்காரர் மேல்தான் பழி விழும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வெறுமையான டெம்ப்ளேட்டை ஏற்றி டிஎஸ்கேயை மாற்றி மாற்றிப் போட்டு எடுங்கள், வேவ்ஃபோர்மை (படத்தின் வெளிச்ச அளவைக் கோடாகக் காட்டுவது) பார்த்தபடி. படம் துளியும் அசையக்கூடாது. கோடு இறங்கி ஏறினால் கீயின் கறுப்பு சுத்தமாக இல்லை. முதலில் கணினியில் இரண்டாவது சுருக்கலைத் தேடி நிறுத்துங்கள். அது முடியாதபோதுதான் கிளிப்பையும் கெயினையும் தொடலாம்: வெற்று டெம்ப்ளேட்டில் படம் அசையாத வரை கிளிப், வெள்ளைக் கட்டத்துக்குள் எதுவும் தெரியாத வரை கெயின். அதற்குமேல் ஒரு புள்ளிகூட வேண்டாம்.

## நிறம் ஒருபக்கம், வடிவம் ஒருபக்கம்

எழுத்தின் இடது ஓரத்தில் கறுப்புக் கோடு, வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஃபில்லும் கீயும் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அசையாத லோகோவிலும் விலகல் இருக்கிறதா, ஓடும் டிக்கரில் மட்டுமா?

அசையாத லோகோவிலும் இருந்தால் கோட்டளவிலான நேர வித்தியாசம். ஒன்று மட்டும் ஏதோ கன்வர்ட்டர் வழியாகப் போய் வருகிறது, அல்லது கீயருக்குக் கிடைமட்ட நகர்த்தல் கொடுத்திருக்கிறார்கள்.

டிக்கரில் மட்டும் என்றால் ஒரு முழு ஃபிரேம் தாமதம். ஃபீல்டுக்கு 4 புள்ளி நகரும் டிக்கர் ஒரு ஃபிரேமில் 8 புள்ளி தள்ளியிருக்கும், நின்றதும் சரியாகிவிடும். ஃபில் மட்டும் ஃபிரேம் சிங்க் (வரும் படத்தை நிலையத்தின் நேரத்துக்கு ஒத்திசைக்கும் கருவி) வழியாகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டையும் அதன் வழியாக அனுப்புங்கள், அல்லது இரண்டையும் வெளியே எடுங்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, ஆளைப் படுத்திவிடும். பல நிமிடம் ஒழுங்காக ஓடும், திடீரென்று வடிவம் விலகும், உடனே சேர்ந்துகொள்ளும். கிராஃபிக்ஸ் அட்டை நிலையத்தின் ரெஃபரன்ஸோடு (எல்லாக் கருவிகளும் பின்பற்றும் பொது நேரச் சமிக்ஞை) பூட்டப்படவில்லை. அது தன் கடிகாரத்தில் ஓடுகிறது. சுவிட்சரின் ஒவ்வொரு உள்ளீடும் தனித்தனியாக அதைச் சரிசெய்கிறது. ஃபில்லில் ஒரு ஃபிரேம் விழுந்து, கீயில் அது சற்றுப் பிந்தி விழும் அந்த இடைவெளியைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அட்டைக்கு ரெஃபரன்ஸ் கேபிளைக் கொடுத்து, மென்பொருளில் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் செருகியிருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு.

## பொத்தானை அழுத்தினால் எதுவும் மாறவில்லை

டெஸ்டினேஷன் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பேனலுக்கும் ரவுட்டருக்கும் வலையமைப்புத் தொடர்பு போயிருக்கும். வீடியோஹப் வகை ரவுட்டர்கள் 9990ஆம் போர்ட்டில் கேட்கும். அதே வலையமைப்பில் உள்ள ஒரு மடிக்கணினியிலிருந்து அந்தப் போர்ட் பதில் தருகிறதா என்று பார்த்தால் குற்றவாளி பேனலா ரவுட்டரா என்று தெரிந்துவிடும்.

பேனலில் மாறுகிறது, மல்டிவியூவரில் (பல படங்களை ஒரே திரையில் காட்டுவது) பெயர் மட்டும் பழையது என்றால் பாதை சரி. பெயர் சோர்ஸைத் தொடராமல் கையால் தட்டியது. மாறுகிறது, ஆனால் திரை கறுப்பு என்றால் பெரும்பாலும் ஃபோர்மட் வேறு: சோர்ஸ் 1080பி 25 அல்லது 720பி 50, வாங்கும் இடம் 1080ஐ. ரவுட்டருக்கு ஃபோர்மட் பற்றிக் கவலையில்லை, வந்ததை அப்படியே கடத்திவிடும். மொனிட்டரில் தெரிகிறது, சுவிட்சரில் தெரியவில்லை என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது.

மாற்றும்போது ஒரு நொடி படம் குதித்தால், ரவுட்டருக்கே ரெஃபரன்ஸ் இல்லை, அல்லது சோர்ஸ்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசையவில்லை. ஒளிபரப்பில் இருக்கும் படத்தை ரவுட்டரில் மாற்றாமல் சுவிட்சரில் மாற்றுவதே நல்ல பழக்கம்.

## மினுமினுக்கும் புள்ளிகள், பிறகு முழு இருட்டு

மழைக்காலத்துக் கோளாறு. எச்டி எஸ்டிஐ விநாடிக்கு 1.485 கிகாபிட்டில் ஓடுகிறது. அனலாகில்போல் மெல்ல மெல்லக் கெடாது. நல்ல படம், சில மீற்றர் கூடினால் புள்ளிகள், இன்னும் கொஞ்சம் கூடினால் ஒன்றுமேயில்லை. நல்ல ஆர்ஜி-6 வகைக் கேபிளில் ஏறத்தாழ 100 மீற்றர் போகலாம், 3ஜி எஸ்டிஐயில் அதைவிடக் குறைவு. மெல்லிய கேபிளில் பாதிகூடத் தேறாது.

மலையில் தூரம் ஏமாற்றும். கோயில் மேட்டிலிருந்து கீழே மண்டபம் கையெட்டும் தூரத்தில் தெரியும். கேபிள் படிக்கட்டைச் சுற்றி, தேயிலைக் கானோரம் வளைந்து இறங்கும்போது டிரம் காலியாகிவிடும்.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடு ஊசி நேராக, சரிநடுவில், மற்றப் பிளக்குகளின் ஊசியளவுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே பதுங்கியிருந்தால் கையை வைத்தால் படம் வரும், எடுத்தால் போகும். பின்னலின் ஒரு இழை ஊசியைத் தொட்டாலும் முடிந்தது. செம்பில் பச்சை பூத்திருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது; துடைத்துப் பயனில்லை, அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வாக்கிடோக்கி ஏரியலுக்கான 50 ஓம் பிளக் கையில் கிடைத்தாலும் போடாதீர்கள். இங்கே வேண்டியது 75 ஓம்.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் ஒரு சோதனை: ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் கூடுதலாக 15 மீற்றர் கேபிளைச் சேருங்கள். படம் விழாமல் வந்தால் தாங்கும். விழுந்தால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள், நடுவில் ஒரு ரீகுளொக்கர் (சமிக்ஞையைப் புதுப்பித்து அனுப்பும் கருவி) தேவை. இரண்டு கட்டடங்களுக்கு இடையே என்றால் ஃபைபர்தான். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடி இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்புக் கேபிள் மின்னலை நேரே ரேக்குக்குக் கூட்டி வந்துவிடும்.

கொட்டும் மழையில் டிஷ் வழியாக வரும் படம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால் அது கேயூ அலைவரிசையின் மழைத்தேய்வு. ரவுட்டரில் கை வைக்காமல் மழை விடும்வரை மாற்று நிகழ்ச்சியைப் போடுங்கள்.

## கரண்ட் போய் வந்தபின் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது

சில ரவுட்டர்கள் கடைசி நிலையை நினைவில் வைத்திருக்கும், சில 1க்கு 1, 2க்கு 2 என்று ஆரம்பநிலைக்குத் திரும்பிவிடும். உங்களுடையது எது என்று ஒளிபரப்பில்லாத நேரத்தில் ஒருமுறை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகை என்றால் முழு வரைபடத்தையும் ஒரு சால்வோவாகச் சேமித்து வையுங்கள்.

எழுப்பும் வரிசையும் முக்கியம்: சிங்க் ஜெனரேட்டர் (ரெஃபரன்ஸைத் தரும் கருவி), ரவுட்டர், சுவிட்சர், கடைசியில் கிராஃபிக்ஸ் கணினி. கணினி முந்திக்கொண்டால் சில அட்டைகள் ரெஃபரன்ஸைக் காணாமல் சொந்தக் கடிகாரத்தில் ஓடத் தொடங்கிவிடும். மேலே சொன்ன மூன்றாவது வகை விலகல் அங்கே பிறக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் நிலையான ஐபி கொடுங்கள். தானாக வாங்கும் ஐபி மின்வெட்டுக்குப் பிறகு மாறினால் பேனல் வேறு யாரையோ தேடிக்கொண்டிருக்கும்.

## டிக்கர் தத்தித் தத்திப் போகிறது

டெம்ப்ளேட் விநாடிக்கு 25 ஃபிரேமில் செய்தது, ஒளிபரப்பு 50 ஃபீல்டில் என்றால் ஒவ்வோர் அசைவும் இரட்டிப்பாகி வெட்டும். சேனலை 1080ஐ 50க்கு வையுங்கள். முன்னும் பின்னும் துடித்தால் ஃபீல்ட் வரிசை தலைகீழ். 1080ஐயில் மேல் ஃபீல்ட் முதலில். வேகத்தை முழு எண்ணில் கொடுங்கள். ஃபீல்டுக்கு 4 புள்ளி என்றால் ஒரு சொல் திரையைக் கடக்க 9.6 விநாடி, தமிழ் வாசிக்க இது போதும். பட்டியின் ஓரக்கோடு நடுங்கினால் அது ஒரு புள்ளிக் கனம், இரண்டாக்குங்கள்.

## தமிழ் எழுத்து உடைகிறது

கீ சரி, பாதை சரி, ஆனால் டிக்கரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஓடுகிறது. செய்தி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது, டெம்ப்ளேட் யூனிகோட். மாற்றியில் போட்டு ஒட்டுங்கள். நிருபர்களை மாற்றுவதைவிட இது சுலபம்.

'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைத்தால், மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை. எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுக்கு மாறுங்கள். பிரவுசரில் சரியாகத் தெரிவது அதில் திரையிலும் சரியாக வரும்.

வடிவமைத்த கணினியில் அழகாக இருந்த பெயர் ஒளிபரப்பில் பட்டியைத் தாண்டி ஓடினால், அந்த எழுத்துரு ஒளிபரப்புக் கணினியில் இல்லை. விண்டோஸ் நிர்மலா யூஐயைப் போட்டுச் சமாளித்திருக்கும், அகலம் வேறாகிவிடும். எழுத்துருக் கோப்பை டெம்ப்ளேட்டோடு சேர்த்தே வையுங்கள். 'கீ', 'வீ' ஆகியவற்றின் மேல்சுழி வெட்டுப்பட்டால் வரி உயரம் போதவில்லை. அதே பட்டியில் சிங்களமும் வரும் என்றால் கீழேயும் இடம் விடுங்கள், அதன் உகரக் குறிகள் இறங்கி வரும். பெயர்ப்பட்டியை மூன்று மொழியிலும் உள்ளதிலேயே நீளமான பெயரைப் போட்டுச் சோதித்துவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள்.